கிழக்குக் கரையில் சொகுசு ஹோட்டல்: வெளிநாட்டு மூலதனத்துடன் வருவோருக்கான வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையில், குச்சவெளியிலிருந்து பாசிக்குடா வழியாக அறுகம்பை வரை நீளும் மணற்பரப்பில் ஒரு சொகுசு ஹோட்டல் கட்ட விரும்பும் புலம்பெயர் தமிழர்களையும், அவர்களோடு பங்குசேரும் பிறநாட்டு முதலீட்டாளர்களையும் மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். பெரும்பாலானோர் முதலில் கட்டடக் கலைஞரையும், அடுத்து வங்கியையும், கடைசியாகவே காணியையும் நாடுகிறார்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கிழக்கில் ஒரு ஹோட்டல் நிலைப்பதும் வழக்கில் சிக்குவதும் அது நிற்கும் காணி யாருடையது, அந்தக் கரையை இதுவரை பயன்படுத்தி வந்தவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

கொழும்பில் ஐந்து நட்சத்திர அறைகளுக்குப் பஞ்சமில்லை. 2017 இல் ஷங்ரி-லா திறக்கப்பட்டது. 2024 இல் இந்தியாவின் ஐ.டி.சி. நிறுவனம் 352 அறைகளுடன் ரத்னதீபவையும், உள்நாட்டு நிறுவனமான ஜோன் கீல்ஸ் 687 அறைகளுடன் சினமன் லைஃபையும் திறந்தன. தலைநகரில் இவ்வளவு பெரிய நிறுவனங்களோடு போட்டியிடுவதைவிடக் கரையோரத்தில் நடுத்தர அளவிலான, தரம் மிக்க ஒரு ஹோட்டலைக் கட்டுவதே புதிதாக வருபவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் கிழக்கின் பருவம் தெற்கின் பருவத்துக்கு நேர்மாறானது. காலி, பெந்தோட்டைப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம் இருக்கும். கிழக்கிலோ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையே கடல் அமைதியாக இருக்கும், அதன்பின் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே அளவில் அறைகள் நிரம்பும் என்று காட்டும் எந்த வருமானக் கணக்கையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

காணியை எந்த வடிவில் பெறுவது

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கைமாற்றல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டவரோ, வெளிநாட்டுக் கம்பனியோ, வெளிநாட்டுப் பங்குடைமை 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள உள்நாட்டுக் கம்பனியோ பொதுவாகக் காணியை உரித்தாக வாங்க முடியாது. சில விதிவிலக்குகள் இருந்தாலும், வெளியிலிருந்து வருபவருக்கு வழக்கமான வழி 99 ஆண்டுகள் வரையிலான குத்தகைதான். வெளிநாட்டுப் பங்கை 50 சதவீதத்துக்குக் கீழ் வைத்துக் கம்பனியின் பெயரில் வாங்கினால், வாங்கிய நாளிலிருந்து தொடர்ந்து 20 ஆண்டுகளுக்கு அந்த விகிதம் மாறாமல் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை மறந்து ஐந்தாம் ஆண்டில் புதிய வெளிநாட்டுப் பங்காளரைச் சேர்ப்பவர் காணியையே இழக்க நேரிடலாம். இலங்கையின் இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை என்பதால், பங்காளர்களில் ஒருவருக்கேனும் அது இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள்.

ஊரில் இருக்கும் உறவினரின் பெயரில் காணியின் உரிமைப் பத்திரமான உறுதியை எழுதிவிட்டு, பணத்தை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நம்பிக்கையால் செய்யப்படுவதே என்றாலும் அதைச் செய்யாதீர்கள். அந்த உறவினர் இறந்தால் காணி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். வங்கி அந்தக் காணியின் மேல் உங்களுக்குக் கடன் தராது. நாட்டை விட்டுப் பணத்தை வெளியே கொண்டுசெல்லும்போது அது முதலீடாக வந்தது என்று காட்ட உங்களிடம் எந்த ஆவணமும் இருக்காது.

உரித்தைத் தேடுதல்

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலான காலத்தை ஒதுக்குங்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளை உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு தேடிப் பார்ப்பது வழமை. கிழக்கிலும் வடக்கிலும் அது போதாது. போர் நடந்த ஆண்டுகளில் பதிவேடுகள் அழிந்த இடங்கள் உண்டு, மக்கள் இடம்பெயர்ந்து திரும்பாத காணிகளும் உண்டு. ஒரு தனியார் காணியை ஒருவர் உரிமையாளரின் உரிமைக்கு எதிரிடையாகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆட்சி செய்தால் அதற்கு உரித்துக் கோர இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும், போரின் காரணமாகத் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களைப் பாதுகாக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. விற்பவர் வைத்திருக்கும் உரித்து இத்தகைய ஆட்சியிலிருந்து வந்ததாக இருந்தால், அதை வெறும் சட்ட ஆபத்து என்று மட்டும் கருதாதீர்கள். கனடாவிலோ தமிழ்நாட்டு முகாமிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டு நிலத்தில் நீச்சல் குளம் கட்டுவதாகவே அது முடியக்கூடும். பழைய உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்து, அவருக்குரியதைக் கொடுத்து எழுதி வாங்குங்கள். அதற்கு ஓராண்டு தாமதமானாலும் பரவாயில்லை.

காணியின் வகையையும் கேட்டறிய வேண்டும். தனியாருக்கு முழு உரிமை உள்ள உறுதிக் காணி ஒன்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு குடும்பங்களுக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த, ஊரார் பெர்மிட் காணி என்று சொல்லும் காணி வேறொன்று. பெர்மிட் காணியை அதன் உரிமையாளர் தம் விருப்பப்படி விற்கவோ நீண்ட குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. தரகர் காட்டும் காகிதத்தில் முத்திரையும் கையொப்பமும் இருக்கின்றன என்பதால் அது உறுதிக் காணியாகிவிடாது. பிரதேச செயலகத்துக்குச் சென்று கோப்பை நேரில் பாருங்கள். கிழக்கை விட்டு யாழ்ப்பாணப் பக்கம் காணி பார்ப்பவர்கள் அங்குள்ள தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். அதன்படி காணியின் கூட்டுரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, அவருக்கு முறையாக அறிவிக்காமல் நடந்த விற்பனையை அவர் நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், விடியற்காலையில் அந்தக் கரையில் நடந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கரைவலை இழுக்கும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்பது தலைமுறை தலைமுறையாக வரையறுக்கப்பட்டு வருவது. மீனவர் தோணியை ஏற்றி வைக்கும் இடம், வாடி என்னும் மீனவர் குடில் போட்ட இடம், மீன் வண்டி வந்து போகும் பாதை ஆகியவற்றை நில அளவையாளர் தமது படத்தில் பெரும்பாலும் குறிக்கமாட்டார். அவற்றை நீங்களே குறித்துக்கொண்டு, கட்டட வரைபடம் தொடங்கும் முன் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துடன் அமர்ந்து பேசி, பாதையும் கரையும் திறந்திருக்கும் என்பதை எழுத்தில் உடன்பட்டுக்கொள்ளுங்கள். அம்பாறை மாவட்டத்தின் பாணமையில் 2010 இல் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட காணி, அமைச்சரவை 2015 இல் பெரும்பகுதியை விடுவிக்கத் தீர்மானித்த பின்னரும், ஆண்டுக்கணக்கில் போராட்டத்துக்கும் வழக்குக்கும் உரியதாக இருந்தது. அத்தகைய மண்ணில் பணம் போடுபவர் நிம்மதியாகத் தொழில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

அனுமதிகள்

ஒரே நேரத்தில் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். இலங்கை முதலீட்டுச் சபையும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையும் முதல் இரண்டு கதவுகள். அவற்றின் ஒப்புதல் கிடைத்துவிட்டால் வேலை தொடங்கலாம் என்று எண்ண வேண்டாம். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதற்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. கடலிலிருந்து எவ்வளவு தூரம் விலகிக் கட்ட வேண்டும் என்பது கரைக்குக் கரை வேறுபடும். சுனாமிக்குப் பின்னர் கிழக்கில் 200 மீட்டர் வரை கட்டடத் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்ட வரலாறு இருப்பதால், குறைந்தபட்சத் தூரத்தோடு நின்றுவிடாமல் இன்னும் பின்வாங்கிக் கட்டுவதே அறிவுடைமை.

99 அறைகளுக்கு மேலோ 40 ஹெக்டேயருக்கு மேலோ போகும் ஹோட்டலுக்குத் தேசியச் சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை கட்டாயமாகிறது. அறைகளைக் குறைத்து இதைத் தவிர்க்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. வாவி, கண்டல், காட்டு எல்லை போன்ற இடங்களுக்கு அருகில் அளவு எதுவானாலும் மதிப்பீடு கேட்கப்படலாம், கரையோரத் திணைக்களமும் தன் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்கலாம். அதைவிட முக்கியமாக, அந்த ஆய்வு உங்களுக்கே தேவையான ஒன்று. கரையோர மணலுக்கடியில் உள்ள நன்னீர் மெல்லிய படலமாகவே இருக்கிறது. நீச்சல் குளத்துக்கும் தோட்டத்துக்கும் சலவைக்கும் குழாய்க்கிணற்றில் அளவின்றி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும், ஊர்க் கிணறுகள் கெடும், உங்கள் கிணறும் கெடும். ஆகவே கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்துக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் உரிய செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

பணம்

வெளிநாட்டுப் பணம், அதற்கென வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றின் வழியாக நாட்டுக்குள் வர வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் இலாபப் பங்கையும், பின்னொரு நாளில் பங்குகளை விற்ற பணத்தையும் திரும்ப எடுத்துச் செல்ல இந்தக் கணக்கே வழி. பணம் பங்கு மூலதனமாக வருகிறதா, பங்குதாரரின் கடனாக வருகிறதா என்பதை அனுப்பும் முன்னரே வங்கியுடன் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் இரண்டுக்கும் விதிகள் வேறு.

வரிச் சலுகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கட்டுமானப் பொருள்களுக்கான சுங்கச் சலுகை போன்றவற்றை முதலீட்டுச் சபையுடன் ஒப்பந்தம் செய்து பெறலாம். ஆனால் கம்பனி வருமான வரியின் பொது வீதம் 2022 இல் 30 சதவீதமாக உயர்ந்ததையும், 2023 இல் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தில் வரி விலக்குகளைக் கட்டுப்படுத்த அரசு உடன்பட்டதையும் கருத்திற்கொண்டு, முழு வரியும் செலுத்திய பின்னர் திட்டம் நிற்கிறதா என்று கணக்கிடுங்கள். நிற்கவில்லை என்றால் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதே நல்லது.

அடுத்து, கெட்ட ஆண்டுகளுக்கான கணக்கு. 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் அடுத்த ஆண்டு பெருந்தொற்றும் தொடர்ந்து வந்ததால் 2021 இல் அந்த எண்ணிக்கை 2 இலட்சத்துக்கும் கீழே போனது, 2022 இல் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2024 இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. மாறும் வட்டியில் ரூபாய்க் கடன் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலுக்கு இது என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் அறைகளில் கால்வாசி மட்டுமே நிரம்பினாலும் வட்டி கட்ட முடிகிற அளவுக்கே கடன் இருக்கட்டும். கட்டி முடிப்பதற்கான முழுப் பணமும் உறுதியாகும் வரை அத்திவாரம் வெட்டாதீர்கள். கொழும்பில் செலிங்கோ குழுமம் தொடங்கிய கட்டடம், அக்குழுமம் நிதி நெருக்கடியில் சிக்கியபின் நின்றுபோய், 2011 இல் அரசு பொறுப்பேற்று, ஹையட் என்ற சர்வதேச ஹோட்டல் பெயரில் திறக்கத் திட்டமிடப்பட்டும் பல ஆண்டுகள் முடிவுறாத எலும்புக்கூடாக நின்றதை அந்த வழியே போன எவரும் அறிவர்.

சர்வதேச வணிகப் பெயரைப் பெறுவதாக இருந்தால், பெயரைத் தரும் நிறுவனம் பொதுவாகப் பணம் போடுவதில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அது மொத்த வருமானத்தில் 2 அல்லது 3 சதவீதத்தை அடிப்படைக் கட்டணமாகவும், செயற்பாட்டு இலாபத்தில் ஒரு பங்கை ஊக்கக் கட்டணமாகவும் எடுத்துக்கொண்டு, ஹோட்டலைத் தானே நடத்த 15 அல்லது 20 ஆண்டுகளுக்கு முகாமைத்துவ ஒப்பந்தம் கேட்கும். இலக்கு எட்டப்படாவிட்டால் ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமையை எழுதி வாங்குங்கள். தளபாடங்களைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்களும் திறப்பு நாளும்

சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் முதலாளி செலுத்த வேண்டும். விருந்தினரிடம் வாங்கும் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தை ஊழியருக்குப் பகிரும் முறையை வேலைக்கு எடுக்கும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள், ஏனெனில் இத்தொழிலில் ஒருவரின் உண்மையான வருமானம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. வாழைச்சேனையிலும் பொத்துவிலிலும் இருந்து வரும் இளையோரைக் காவலுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் எடுத்துவிட்டு, வரவேற்பிலும் சமையலிலும் வெளியூராரை வைத்தால் ஊர் உங்களை அந்நியராகவே பார்க்கும். கட்டடம் எழும் இரண்டு ஆண்டுகளுக்குள் உள்ளூர் இளையோரைப் பயிற்சிக்கு அனுப்பி, தெற்கில் இயங்கும் ஹோட்டல்களில் ஒரு பருவம் வேலை பழகச் செய்தால், திறக்கும் நாளில் சமையலறையும் முன்மேசையும் அவர்களைக் கொண்டே இயங்கும். தெற்கின் பருவம் முடியும் ஏப்ரலில்தான் கிழக்கின் பருவம் தொடங்குகிறது என்பதால் இந்தப் பயிற்சிக்குக் காலமும் பொருந்திவருகிறது. மார்ச் நடுப்பகுதியில் சில அறைகளை மட்டும் திறந்து, தண்ணீரும் மின்சாரமும் கழிவுநீரும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஏப்ரலில் முழுமையாகத் திறவுங்கள். கட்டுமானம் தாமதமாகிச் செப்டெம்பரைத் தாண்டிவிட்டால், மழைக்காலத்தில் அவசரப்பட்டுத் திறக்காமல் அடுத்த ஏப்ரல் வரை பொறுத்திருப்பதற்கான பணத்தையும் தனியே ஒதுக்கி வையுங்கள்.