சணல் சாகுபடி: வயலிலும் குளத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களிலும் எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் ஃபரித்பூரிலும், நான்கு மாதம் வயலில் பட்ட பாட்டை மூன்று வாரத்தில் குளத்தில் தொலைத்துவிடும் சணல் விவசாயிகள் இன்றும் உண்டு. விளைச்சலின் எடையை வயல் தீர்மானித்தாலும், நாரின் தரத்தைப் பெரும்பாலும், அறுத்த தண்டிலிருந்து நார் பிரிவதற்காக அதை ஊறப்போடும் நீர்தான் தீர்மானிக்கிறது.

அதற்கு முன், தமிழில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது; கோணிச் சாக்கு நெய்யும் சணல் முற்றிலும் வேறு செடி. ஒன்றுக்குச் சொன்ன விதையளவையும் பருவத்தையும் மற்றொன்றுக்குக் கடைப்பிடித்தால் பயிர் தவறிவிடும். உண்மையான சணலிலும் வெள்ளைச் சணல், தோசா என இரு வகைகள் உள்ளன. வெள்ளைச் சணலின் விதை பழுப்பு நிறத்திலும் காய் உருண்டையாகவும் இலை கசப்பாகவும் இருக்கும்; தோசாவின் விதை நீலம் கலந்த பச்சை நிறத்திலும் காய் நீண்டும் இருக்கும், இலையில் அந்தக் கசப்பு இராது. முதிர்ந்த நிலையில் வெள்ளைச் சணல் தேங்கும் நீரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்; தோசா பொறுக்காது. தாழ்வான வயலில் தோசாவை விதைத்துவிட்டு மழையை நொந்துகொள்வதில் பயனில்லை.

விதைப்பில் அவசரம் காட்டுவது மற்றொரு தவறு. சணல், பகல் குறுகியிருக்கும்போது பூக்கும் குறும்பகல் பயிராகையால், பகல் பொழுது போதிய அளவு நீளாத மார்ச் நடுப்பகுதிக்கு முன்பே தோசாவை விதைத்தால் செடி உயரம் பிடிப்பதற்குள் பூத்துவிடும். பூத்த தண்டு கிளைவிடும். கிளைத்த இடத்தில் நாரின் நீளம் அறுபடும். வீசி விதைப்பதைவிட 25 முதல் 30 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விதைப்பது நல்லது. விதை குறைவாகப் பிடிக்கும் என்பதைவிட, வரிசைகளுக்கு நடுவே களைக்கருவி ஓட்ட முடியும் என்பதே அதன் பெரிய ஆதாயம். முதல் ஆறு வாரங்களில் களையை விட்டுவைத்தால் பின்னர் இடும் உரம் களைக்குத்தான் போய்ச்சேரும். தழைச்சத்தை அள்ளி இடுவதும் கூடாது: செடி சாய்வதோடு தண்டு அழுகல் நோயும் எளிதில் பற்றும்.

100 முதல் 120 நாட்களுக்குள் அறுக்காமல் எடை கூடட்டும் என்று காத்திருந்தால் நார் முரடாகிவிடும். அடுத்துவரும் நெல் நடவும் தள்ளிப்போகும். அறுத்த கட்டுகளை உடனே நீரில் தள்ளாமல், இலை உதிரும்வரை மூன்று நான்கு நாட்கள் வயலிலேயே விட வேண்டும். பின்னர் அடிப்பகுதி மட்டும் நீரில் நனையுமாறு இரண்டு மூன்று நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டும். அடித்தண்டின் பட்டை தடித்தது. நுனியோடு ஒரே வேகத்தில் ஊறாது. பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் படியைத் தவறவிட்டால் நாரின் அடியில் பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆலை அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்குவதால் விலையும் குறையும்.

ஊறும்போது நடப்பது கட்டுப்படுத்தப்பட்ட அழுகலே. பட்டையில் நார்க்கற்றைகளைப் பிணைத்திருக்கும் பெக்டினை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் கரைக்கின்றன. இதற்கு ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள, மெல்ல ஓடும் தெளிந்த நீர் ஏற்றது. பரப்பிய கட்டுகளை அமுக்க, கைக்கெட்டியதென்று சேற்றுக்கட்டியையும் வாழைத்தண்டையும் போடுவது வங்கத்துக் கிராமங்களின் பழைய வழக்கம். என் கணிப்பில் மிகுந்த இழப்பைத் தரும் தவறும் இதுவே. மண்ணிலுள்ள இரும்பும் தண்டுகளிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து நாரைக் கருக்கச் செய்கின்றன. 'ஷியாம்லா' எனப்படும் அந்தக் கருத்த நாருக்குச் சந்தையில் மதிப்பில்லை. மண்ணையோ மணலையோ நெகிழிப் பைகளில் அடைத்துக் கட்டி வைத்தால் இந்தக் கேடு நேராது. கட்டுகள் குளத்தின் அடித்தரையைத் தொடாமல் மிதக்க வேண்டும். மேலேயும் ஒரு சாண் அளவுக்கு நீர் நிற்க வேண்டும்.

நாட்காட்டியைப் பார்த்துக் கட்டுகளை நீரிலிருந்து எடுப்பதும் சரியன்று. வழக்கமாக 18 முதல் 21 நாட்கள் பிடிக்கும்; மேற்கு வங்கத்தின் பராக்பூரிலுள்ள மத்திய சணல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'கிரிஜாஃப் சோனா' என்னும் நுண்ணுயிர்ப் பொடியைத் தூவினால் சில நாட்கள் குறையும். கடைசி வாரத்தில் தினமும் ஒரு தண்டை உருவி, விரலால் இழுத்தவுடன் பட்டை குச்சியைவிட்டு வழுக்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும். முந்தினால் பட்டை விடாது. பிந்தினால் நாரே வலுவிழக்கும்.

அலசிய நாரைத் தரையில் விரிக்காமல் மூங்கில் கொடியில் உலர்த்த வேண்டும். எடைக்காக ஈரத்தோடு கட்டிய நார் வெளியே பொன்னிறமாக இருந்தாலும் நடுவில் புழுங்கி மக்கிவிடும். பழகிய வியாபாரி முதலில் கை நுழைப்பதும் கட்டின் நடுவில்தான்.