தடா தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆந்திர எல்லையில் இருக்கும் தடா ஊர்ப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஒரு பையனிடம் “எங்கேப்பா வேலை?” என்று கேட்டால் கார் கம்பெனி பெயரையோ ஏ.சி. கம்பெனி பெயரையோ சொல்வான். அவனுடைய சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கும். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் மூன்றாவது ஆள். சேர்த்துவிடுகிறவர் ஏஜென்ட், சம்பளம் போடுகிறவர் கான்ட்ராக்டர், வேலை வாங்குகிறது கம்பெனி. இந்த மூவரில் நாம் யாருடைய ஆள் என்று கேட்காமலே சேர்வதுதான் முதல் தவறு. பிறகு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த எல்லைப் பகுதியில் வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். அந்தப் பக்கம் சென்னையிலிருந்து சுமார் 55 கி.மீ. வடக்கே, ஆந்திராவின் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் விரிந்து கிடக்கும் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம். கார், ஏ.சி., மெட்ரோ ரயில் பெட்டி, சாக்லேட் வரை அங்கே தயாராகின்றன. 1960 ஏப்ரல் 1-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு வட்டாரம் ஆந்திராவுக்குப் போனது. அதனால் அங்கே தமிழ் பேசும் குடும்பங்களும் இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய. பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் எல்லை தாண்டித்தான். ஆனால் வேலைக்கான காகிதங்கள் அப்படித் தாண்டுவதில்லை.

ஏஜென்டுக்குப் பணம் கொடுத்துச் சேர்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஆள் சேர்த்துக் கொடுப்பதற்கான கமிஷனை அவர் ஆள் கேட்டவர்களிடம் வாங்கிக்கொள்ளட்டும். அதைவிட மோசமானது ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வருவது. “வெரிஃபிகேஷனுக்கு இருக்கட்டும், ஆறு மாசம் கழித்துத் தருகிறோம்” என்பார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழோ பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோ அவர்கள் கையில் இருக்கும்வரை வேறு நல்ல வேலை வந்தாலும் நகர முடியாது. ஒரிஜினலைக் காட்டலாம், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரவேண்டும். அவர்களிடம் இருக்கவேண்டியது நகல் மட்டும். தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் இதே கணக்கில் சேரும். படிக்கத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்து, தெரிந்தவருக்கு அனுப்பிவிட்டு அப்புறம் போடுங்கள். பத்து நிமிட வேலை.

சேரும்போது பணி நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். யார் பெயரில் கடிதம் வருகிறதோ நீங்கள் அவருடைய ஆள். கான்ட்ராக்டர் பெயரில் வந்தால் அதற்காக வேலையை விட்டு ஓட வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் போனால் வேலை வாங்கிய கம்பெனியே தரவேண்டும் என்பது சட்டத்தில் பல காலமாக உள்ள விதி. ஆனால் அந்த கேட்டுக்குள் நீங்கள் வேலை செய்தீர்கள் என்று காட்ட ஏதாவது இருக்கவேண்டுமே! அடையாள அட்டை, கேட் பாஸ், ஷிப்ட் பட்டியல், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சம்பளப் பேச்சு. “பதினெட்டாயிரம்” என்று சொன்னால் அது கைக்கு வருவதா, சி.டி.சி.யா (உங்களுக்காக நிர்வாகம் செலவிடும் மொத்தத் தொகையா) என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படை 12,000 என்றால் உங்கள் பங்காக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிப்பார்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு 16,425 வரும். இவை போக நிர்வாகம் தன் பங்காக பி.எஃப்.புக்கு இன்னொரு 1,440, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் 585 கட்டவேண்டும். சில இடங்களில் இந்த நிர்வாகப் பங்கையும் பதினெட்டாயிரத்துக்குள்ளேயே அடக்கிச் சொல்லிவிடுவார்கள். முதல் மாதச் சம்பளம் வந்ததும் “ஏமாற்றிவிட்டார்கள்” என்று வேலையை விடுகிற பிள்ளைகள் பலர் இந்த ஒரு கேள்வியைக் கேட்காதவர்கள்தான். வருகைக்கான போனஸையும் ஓ.டி.யையும் சேர்த்துச் சொல்லும் தொகையை நம்பவேண்டாம். ஒரு நாள் லீவு போட்டால் அந்தப் போனஸ் போய்விடும். ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் உண்டு. சீட்டில் அப்படித்தான் வருகிறதா என்று பாருங்கள்.

“பி.எஃப். பிடிக்காமல் அந்தக் காசையும் கையிலேயே கொடுங்கள்” என்று கேட்பவர்களும் உண்டு. அவசரத் தேவை இருக்கலாம், புரிகிறது. ஆனால் பி.எஃப். இருந்தால்தான் அதோடு ஒட்டிய காப்பீடும் இருக்கும். பணியில் இருக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டால் அதிலிருந்து குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வாரிசு நியமனத்தை ஆன்லைனில் பதிந்து வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

இந்த எல்லைக்கே உரிய தலைவலி ஒன்று இருக்கிறது: பெயர். அப்பா குமார், பெண் செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் ‘செல்வி கே’ என்று இருக்கும், பான் கார்டில் ‘செல்வி குமார்’. ஆந்திராவில் வீட்டுப் பெயரை முன்னால் போடுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் கான்ட்ராக்டர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் ‘குமார் செல்வி’ என்று தட்டிவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரும் வந்து சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பும். அதற்குள் அந்தக் கான்ட்ராக்டர் கடையைக் கட்டியிருப்பார். இதோடு, கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போட்டுவிடுவதும் நடக்கிறது. யூ.ஏ.என். ஆளுக்கு ஒன்றுதான், ஆயுளுக்கும் அதேதான். புது இடத்தில் சேர்ந்த அன்றே பழைய எண்ணைக் கொடுத்துவிடுங்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு பெற்ற எண் என்றால், பெயர், பிறந்த தேதிப் பிழைகளைப் பெரும்பாலும் நாமே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். கான்ட்ராக்டரைத் தேடி அலையவேண்டாம். பி.எஃப். கணக்கில் பதிந்த போன் எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய பணம் எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஈ.எஸ்.ஐ. விஷயத்தில் நம்மவர்கள் அதைவிட அலட்சியம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு. பதியும்போது தொழிலாளிக்கு ஒரு மருந்தகம், குடும்பத்துக்கு ஒரு மருந்தகம் என்று தனித்தனியாகக் குறிப்பிட இடம் இருக்கிறது. யாரும் சொல்லாவிட்டால் இரண்டையும் ஆலைக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். அம்மாவும் பிள்ளைகளும் கும்மிடிப்பூண்டியில் இருக்க, மருந்துக்கு ஆந்திரா போகவேண்டி வரும். இன்னொன்று, இரண்டு மாதம் இங்கே, இரண்டு மாதம் அங்கே என்று தாவிக்கொண்டே இருப்பது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற ஆறு மாதக் கட்டத்துக்குள் 78 நாளாவது சந்தா போயிருந்தால்தான் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இடையில் விழும் இடைவெளியில் அந்தக் கணக்கு உடையும். விபத்துக்கு மட்டும் இந்த நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே பாதுகாப்பு உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் பணிக்கால விபத்தாகவே கருதப்படும். நைட் ஷிப்ட் முடிந்து தேசிய நெடுஞ்சாலையில் பைக்கில் தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கம்பெனி பஸ் இருக்கும்போது பைக் எதற்கு என்பது வேறு விஷயம்.

அப்ரண்டிஸ் பயிற்சியை நிரந்தர வேலைக்கு முந்தைய படி என்று நம்பிச் சேர்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. அதற்காக வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்தவருக்குப் பெரிய ஆலையின் இயந்திரத்தில் ஒரு வருடம் கைவைக்கக் கிடைப்பது லேசான விஷயமில்லை. முடிவில் தேர்வு எழுதி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழை வாங்காமல் பாதியில் கிளம்புவதுதான் முட்டாள்தனம்.

இனி முகவரி. 2019-இல் ஆந்திரா, ஆலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்காரர்களுக்கு என்று சட்டம் போட்டது. அதிலிருந்து, சத்தியவேட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரிக்கு ஆதாரை மாற்றிவிடலாம் என்ற யோசனை பலருக்கும் வருகிறது. செய்யாதீர்கள். குடியிருக்காத முகவரியைக் காட்டுவதே தப்பு. அதோடு இங்கே ரேஷன் கார்டையும் முகவரியையும் நம்பி வீட்டுக்கு வரும் உதவிகள் சிக்கலாகும். சாதிச் சான்றிதழும் அப்படித்தான்: ஆந்திராவில் வாங்கியதைக் காட்டித் தமிழக அரசு வேலையில் இடஒதுக்கீடு கேட்க முடியாது, இங்கே வாங்கியது அங்கே செல்லாது. அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பவர்கள் எந்த மாநிலக் காகிதம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வேலையை விடும் விதம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் அப்படியே திரும்பாமல் இருந்துவிடுவார். ராஜினாமா கடிதம் இருக்காது, ரிலீவிங் லெட்டர் இருக்காது, பி.எஃப். கணக்கில் விலகிய தேதியும் இருக்காது. அந்தத் தேதியைக் கான்ட்ராக்டர் போடாவிட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆனபின் நாமே பதியலாம். விட்டதும் மொத்தப் பணத்தையும் எடுப்பதற்கு முன் யோசியுங்கள். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷனுக்கு 10 வருடப் பணிக்காலம் வேண்டும். பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை செய்த வருடங்கள் கணக்கில் இருந்து போய், அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். அடுத்த கேட்டில் வேலை கிடைக்கும் என்று தெரிந்தால் பழைய கணக்கைப் புதியதோடு மாற்றிக்கொள்ளுங்கள்.