கடைசி விளக்கு மங்காமல் இருக்க

என் தோட்டப் பாதை 20 மீட்டர் நீளம். தலா 3 வாட் வீதம் பத்து 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகளை நட்டேன். படியருகே இருந்தவை பளிச்சென்று எரிந்தன. கோடியில் இருந்த மூன்றும் சோர்ந்து கிடந்தன. கடைசி விளக்கைக் கழற்றி முதல் விளக்கின் இடத்தில் மாட்டிப் பார்த்தேன். நன்றாகவே எரிந்தது. கோடியில் மல்டிமீட்டரை வைத்தால் 10.4 வோல்ட்தான் காட்டியது. மீதியை 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி விழுங்கியிருந்தது.

ஆகவே விளக்கு வாங்குமுன் கம்பியைக் கணக்கிடுங்கள். 30 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஓடும். அதே வாட்டுக்கு, குறைந்த வோல்ட் விளக்கென்றால் மின்னோட்டம் கூடும், கம்பியில் இழப்பும் கூடும். நான் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மாறினேன். இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. பாதையின் நடுவிலிருந்து இருபுறமும் மின்சாரம் கொடுக்க முடிந்தால் இழப்பு கால்வாசியாகும். மிக நீண்ட பாதைக்கு 24 வோல்ட் விளக்குகளே மேல்.

டிரைவரில், அதாவது வீட்டு மின்சாரத்தை விளக்குக்கேற்ற 12 வோல்ட்டாக மாற்றும் கருவியில், கஞ்சத்தனம் வேண்டாம். 30 வாட் சுமைக்கு 40 வாட் டிரைவர் வாங்குங்கள். முழுச் சுமையில் இரவெல்லாம் ஓடினால் சூடேறிச் சீக்கிரம் கெடும். விளக்கு கேட்பது டி.சி.யா ஏ.சி.யா என்று பாருங்கள். ஹாலஜனுக்கு வைத்திருந்த பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரை இதற்கு மாட்டினால், சுமை போதாமல் விளக்குகள் மினுக்கக்கூடும். வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்புக் கருவி கட்டாயம் இருக்கட்டும்.

விளக்கில் நான் பார்ப்பது மூன்று: 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளி, கண்ணில் படாமல் தரையில் மட்டும் ஒளியைக் கொட்டும் மூடி, மழைக்குத் தாங்கும் ஐபி65 தரம். தண்ணீர் தேங்கும் இடமானால் ஐபி67. பாதையின் இருபுறமும் மாற்றி மாற்றி நடுங்கள்; நேருக்கு நேர் வைத்தால் விமான ஓடுபாதைபோல் இருக்கும்.

இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் போதவே போதாது. ஒரு மழைக்காலம் கழித்து நான் பிரித்த டேப்புக்குள் செம்பு இழைகள் பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. ஜெல் நிரப்பிய நீர்புகா இணைப்பிகளையே பயன்படுத்துங்கள்.

கம்பியை உடனே புதைத்துவிடாதீர்கள். ஓரிரவு முழுக்க எரியவிட்டு, கடைசி விளக்கின் வோல்ட்டை அளந்து, இருட்டில் ஒருமுறை நடந்து பார்த்தபின் மண்ணைத் தள்ளுங்கள்.