உணவுப் பொட்டலத்து முத்திரைகளைத் தாய், சேய் வரிசையில் வகைப்படுத்துவது எப்படி?

மளிகைக் கடையில் எந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாலும் ஐந்தாறு முத்திரைகளும் வாசகங்களும் கண்ணில் படும்: பச்சைப் புள்ளி, அக்மார்க், செறிவூட்டிய உணவைக் காட்டும் ‘+எஃப்’, ‘ஆர்கானிக்’, ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’. இவற்றைத் தரவுத்தளத்தில் தட்டச்சு செய்துவிடுவது எளிது. ஆனால் அங்ககப் பொருள்கள், அதாவது ஆர்கானிக் பொருள்கள், அனைத்தையும் ஒருவர் தேடும்போது, ‘ஜைவிக் பாரத்’ என்று மட்டும் பதிவான துவரம்பருப்பும் அந்தப் பட்டியலில் வரவேண்டுமானால், இந்த முத்திரை ‘அங்ககம்’ என்பதன் கீழ் அடங்குகிறது என்று முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். 2012இல் பிரான்சில் தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்துவரும் ‘ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்’ தரவுத்தளத்தில் முத்திரைகள் இப்படித்தான் அடுக்கப்படுகின்றன. அதற்குப் பங்களிக்க விரும்புவோருக்கும், தம் கடைக்கோ கூட்டுறவுப் பண்டகசாலைக்கோ இத்தகைய பட்டியலை அமைப்போருக்கும் இந்த வழிமுறை உதவும்.

முதலில், பொட்டலத்தில் இருப்பதை இருக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தவோ மொழிபெயர்க்கவோ வேண்டாம். பார்கோடு, தொகுதி எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உரிம எண் விற்பனைக்கான அனுமதியைக் காட்டுவதே தவிர, தரச்சான்று ஆகாது. எஞ்சியவற்றில் ஒவ்வொன்றும் சட்டம் கட்டாயமாக்கிய முத்திரையா, வெளியார் ஆய்ந்து அளித்த சான்றா, உற்பத்தியாளர் தாமே சொல்லிக்கொள்ளும் வாசகமா என்பதைத் தனி நெடுவரிசையில் குறித்துவையுங்கள். இந்தப் பிரிவையே அடுக்கின் மேல்நிலையாக்கும் வழக்கமும் உண்டு. அது தவறு என்பது என் கருத்து. ஒரே கருத்தை முத்திரையும் சொல்லலாம், வாசகமும் சொல்லலாம் என்பதால், அப்படி அமைத்தால் ஒன்றாக நிற்கவேண்டியவை இரண்டு கிளைகளாகப் பிரிந்துவிடும்.

அடுத்துத் தாய்ப் பதிவுகளையும் சேய்ப் பதிவுகளையும் இணைக்க வேண்டும். பரந்த மேல்நிலைப் பதிவு தாய்; அதனுள் அடங்கும் குறுகிய பதிவு சேய். இதற்கு ஒரே விதிதான்: சேய்ப் பதிவைப் பெற்ற பொருள் ஒவ்வொன்றும், விலக்கே இல்லாமல், தாய்ப் பதிவுக்கும் பொருந்த வேண்டும். பெயர்கள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. இந்திய விதிகளின்படி 100 கிராமில் சர்க்கரை 5 கிராமுக்கு மேற்படாத திட உணவைச் ‘சர்க்கரை குறைந்தது’ என்றும், 0.5 கிராமுக்கு மேற்படாததைச் ‘சர்க்கரை அற்றது’ என்றும் சொல்லலாம். இரண்டாவதற்குரிய பொருள் ஒவ்வொன்றும் முதலாவதன் வரம்புக்குள் வருவதால், ‘சர்க்கரை அற்றது’ என்பதைச் ‘சர்க்கரை குறைந்தது’ என்பதன் சேயாக வைக்கலாம். இதே அமைப்பைக் கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கும் பொருத்தி நான் பிழை செய்திருக்கிறேன். ‘குளூட்டன் அற்றது’ என்பதற்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் உச்சவரம்பு. ‘குளூட்டன் குறைந்தது’ என்பதோ 20க்கு மேல் 100 வரை உள்ளதைக் குறிக்கிறது. இவை ஒன்றையொன்று தொடாத இரண்டு வகைகள் என்பதால் உடன்பிறப்புகளாகவே நிற்க வேண்டும். தவறாக இணைத்தால், ‘குளூட்டன் குறைந்தது’ என்று தேடுபவருக்கு அந்த வகையைச் சேராத பொருள்களும் காட்டப்படும். ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்ற வாசகத்தையும் ‘சர்க்கரை அற்றது’ என்பதோடு இணைக்கக் கூடாது. எதுவும் சேர்க்காத திராட்சைச் சாற்றிலும் பழத்தின் சர்க்கரை நிறையவே இருக்கும். கருப்பட்டி சேர்த்த மிட்டாயில் அச்சிடப்படும் ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்ற வாசகம் இவ்விரண்டிலும் அடங்காது. அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

கருத்தையும் முத்திரையையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது அடுத்த படி. இந்தியாவின் பச்சைப் புள்ளி பாலையும் தேனையும் ஏற்கிறது, முட்டையை விலக்குகிறது. பல நாடுகளில் முட்டை சேர்ந்த உணவும் ‘வெஜிடேரியன்’ என்றே விற்கப்படுகிறது. ஆகவே ‘சைவம்’ என்ற பொதுக் கருத்தைத் தாயாக வைத்து, இந்தியப் பச்சைப் புள்ளியை அதன் சேய்களில் ஒன்றாக்குங்கள். பால், தேன் எதுவும் சேராத நனிசைவம் இன்னொரு சேய். 2022ஆம் ஆண்டின் விதிகளில் வந்த இந்திய நனிசைவ முத்திரை அதன் கீழ் வரும். முத்திரை கருத்தின் கீழ் வரலாம். பொதுக் கருத்து ஒரு நாட்டின் முத்திரைக்குக் கீழ் வரக் கூடாது.

மிகுந்த கவனம் கேட்பது அங்ககக் கிளை. ‘அங்ககம்’ என்பதன் கீழ், வணிக அமைச்சகத்தின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்துக்குரிய ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரையையும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையையும் தயங்காமல் வைக்கலாம். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை வழங்கும் சான்று முதலாவதன் சேயாகும். சிக்கல் வருவது, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ்.-இந்தியா திட்டத்தில். ஒருமுறை என் கைக்கு வந்த அரைக் கிலோ சாமை அரிசிப் பொட்டலத்தின் நெற்றியில் ‘இயற்கை’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கீழ் மூலையில் விரல்நகம் அளவுக்கு ‘பி.ஜி.எஸ்.-இந்தியா கிரீன்’ முத்திரை இருந்தது. அந்த முத்திரை, அங்கக முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்தின் விளைச்சலுக்குரியது. முழுமையாக மாறியதற்கு ‘பி.ஜி.எஸ்.-இந்தியா ஆர்கானிக்’ என்ற வேறு முத்திரை உண்டு. ஆகையால் பி.ஜி.எஸ். திட்டம் முழுவதையும் ‘அங்ககம்’ என்பதன் கீழ் வைக்கக் கூடாது. திட்டத்துக்கென ஒரு தாய்ப் பதிவு அமைத்து, அதன் கீழ் இரண்டு சேய்களையும் வைத்து, ‘ஆர்கானிக்’ என்ற சேய்க்கு மட்டும் ‘அங்ககம்’ என்ற இரண்டாவது தாயையும் காட்டுங்கள். ஒரு சேய்க்கு இரண்டு தாய் இருப்பதில் தவறில்லை: அயோடினும் இரும்பும் சேர்த்த உப்பு இரண்டு செறிவூட்டல்களின் கீழும் வந்தே தீர வேண்டும்.

மாற்றுப் பெயர்களை ஒரே பதிவுக்குள் அடுக்குங்கள். அங்ககம், ஆர்கானிக், கரிமம் ஆகிய மூன்றோடு, இலங்கை வழக்கான ‘சேதனம்’ என்பதும் அங்கே இடம்பெற வேண்டும். ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் அந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். ‘இயற்கை வேளாண்மையில் விளைந்தது’ என்றால் அங்ககத்தைக் குறிக்கலாம். தனியே நிற்கும் ‘இயற்கை’ செயற்கைப் பொருள் எதுவும் சேரவில்லை என்பதை மட்டுமே சொல்லக்கூடும். நம் மொழியில் ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால், தனித்து நிற்கும்போது அதைத் தனி வாசகமாகவே பதியுங்கள்.

எழுதும் முறை எளியது. ‘ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்’ இதற்குச் சாதாரண உரைக் கோப்பையே பயன்படுத்துகிறது: ‘<’ குறியோடு தாய்ப் பதிவு ஒரு வரியில், அதன் கீழ் மொழிக் குறியீடு, முக்காற்புள்ளி, பெயர், காற்புள்ளியிட்டு மாற்றுப் பெயர்கள், பதிவுக்கும் பதிவுக்கும் இடையே ஒரு வெற்று வரி. விரிதாளில் செய்வோர் ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுத்துவிட்டால், பின்னர் பெயரைத் திருத்தினாலும் இணைப்புகள் அறுபடாது.

முடித்ததும், கடைக்கோடிப் பதிவு ஒவ்வொன்றிலிருந்தும் மேல்நோக்கி ஏறி, ‘இது எப்போதும் அதுவே’ என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; நாக்கு தயங்கும் இடத்தில் இணைப்பை வெட்டிவிடுங்கள். பொட்டலம் தெளிவாகச் சொல்லாததை ஊகித்துக் கீழ்நிலையில் பதிவதைவிட, உறுதியாகத் தெரிந்த மேல்நிலையில் நிறுத்துவது மேல். அந்தச் சாமைப் பொட்டலம் என் பட்டியலில் இன்றும் ‘பி.ஜி.எஸ்.-இந்தியா கிரீன்’, ‘இயற்கை என்ற வாசகம்’, ‘இந்தியப் பச்சைப் புள்ளி’ ஆகிய மூன்று பதிவுகளோடுதான் இருக்கிறது. அங்ககப் பொருள்களைத் தேடுவோருக்கு அது வருவதில்லை.