சொல்லாமல் நழுவாதீர்கள்

ஜூன் மாதத்தில் எல்கேஜி வாசலில் நாம் செய்கிற பெரிய தவறு, குழந்தை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் சத்தமில்லாமல் நழுவிவிடுவது. அன்றைய அழுகை தப்பும். மறுநாள் குழந்தை துப்பட்டாவை விடாது. முகம் பார்த்து, "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள். "பன்னிரண்டு மணிக்கு வருவேன்" என்றால் மூன்றரை வயதுக்குப் புரியாது. "தயிர்சாதம் சாப்பிட்டு, கை கழுவியதும் அம்மா வாசலில் நிற்பேன்" என்றால் புரியும். சொன்னபடி நிற்கவும் வேண்டும். முதல் வாரத்தில் பத்து நிமிடத் தாமதம்கூடக் கூடாது.

டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறக்க வீட்டிலேயே பழக்குங்கள். இறுகிய மூடிக்கும் அழுகை வரும்!

என் பழைய கைக்குட்டை ஒன்றை மகளின் பையில் வைத்து அனுப்பினேன். முதல் வாரம் ஈரமாகத் திரும்பியது. மூன்றாம் வாரம் மடிப்புக் கலையாமல் வந்தது.