மார்கழியில் பூக்கும் தோட்டம்

டிசம்பரில் தோட்டம் நிறைந்து இருக்க வேண்டுமென்றால் டிசம்பரில் நர்சரிக்கு ஓடிப் பயனில்லை, ஆடியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, ரோஸ் என்று கிடைக்கும்; வாசனை கிடையாது, ஆனால் செடி முழுக்கப் பூத்து நிற்கும்போது அந்தக் குறை தெரியவே தெரியாது. ஒரு சாண் நீளத்துக்குக் குச்சியை வெட்டி ஆடி, ஆவணியில் நட்டால் எளிதாக வேர் பிடிக்கும். பூத்து முடிந்ததும் மாசியில் கிளைகளை நன்றாக வெட்டிக் கவாத்து செய்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் குச்சி குச்சியாக நீண்டுபோகும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் உச்சி சிவந்து நிற்கும் பாயின்செட்டியா செடிதான் பலரையும் ஏமாற்றுகிறது. சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலை; நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் மொட்டுகள்தான் பூ. இரவு நீண்டால்தான் இலை சிவக்கும் என்பதால், அக்டோபரிலிருந்து தினமும் 14 மணி நேரம் இருட்டு கிடைக்கிற இடத்தில் வையுங்கள். வாசல் விளக்கோ தெருவிளக்கோ விழும் இடத்தில் வைத்துவிட்டு, உரம் போட்டும் பச்சையாகவே நிற்கிறதே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். தொட்டியை நகர்த்தினால் போதும். வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சாமந்தி பூக்கவும் இதே இருட்டுக் கணக்குதான்.

அப்புறம், இடம் இருந்தால் ஒரு மரமல்லி. விடியற்காலையில் கோலம் போட வரும்போது வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து வாசனையோடு கிடக்கும், அதற்கு ஈடே இல்லை. கிளை எளிதில் முறியும், அதனால் வீட்டை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள்.