பற்று நோட்டை வைத்து ஜாயின் பழகுவோம்

மளிகைக் கடைப் பற்று நோட்டில் ஒவ்வொரு வரியிலும் வாங்கியவரின் தெரு, போன் நம்பர் எல்லாம் எழுதுவதில்லை. ஆளைத் தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் போதும். டேட்டாபேஸிலும் இதே சிக்கனம்தான்: ஆள் விவரம் ஒரு டேபிளில், வாங்கிய கணக்கு இன்னொன்றில். வேண்டும்போது இரண்டையும் கோத்துப் பார்ப்பதுதான் ஜாயின். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த யோசனை வந்துவிட்டது.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். செலக்ட், ஃப்ரம் போன்ற சொற்களை நீங்கள் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். டேபிள் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், நாம் இங்கே பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூலைட் மறுப்பதில்லை.

படி 1: டேபிள்கள்

ஆட்கள் (எண், பெயர்)
1, முருகேசன்
2, செல்வி
3, பாத்திமா

பற்று (எண், ஆள்_எண், பொருள், தொகை)
101, 1, அரிசி, 650
102, 1, எண்ணெய், 180
103, 3, பருப்பு, 160
104, நல், சோப்பு, 40

ஆட்கள் டேபிளின் எண் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ஆளையும் தனியாக அடையாளம் காட்டுவது. பற்றில் உள்ள ஆள்_எண் அதைச் சுட்டும் ஃபாரின் கீ. கடைசி வரியில் 'நல்' என்றால் மதிப்பே இல்லை என்று பொருள். அவசரத்தில் யார் பெயரையும் குறிக்காமல் விட்ட சோப்பு அது.

படி 2: இன்னர் ஜாயின்

செலக்ட் ஆ.பெயர், ப.பொருள், ப.தொகை
ஃப்ரம் ஆட்கள் ஆ
ஜாயின் பற்று ப ஆன் ப.ஆள்_எண் = ஆ.எண்;

ஆ, ப என்பவை டேபிள்களுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள். எந்த வரி எதோடு சேர வேண்டும் என்று சொல்வது ஆன் பகுதி. வெறும் ஜாயின் என்று எழுதினாலே அது இன்னர் ஜாயின்தான். ஓட்டுவதற்கு முன் எத்தனை வரி வரும் என்று விரல்விட்டு எண்ணுங்கள். ஜாயின் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விடை 3: முருகேசன் இரண்டு முறை, பாத்திமா ஒரு முறை. செல்வி எதுவும் வாங்கவில்லை, அதனால் காணோம். சோப்புக்கு ஆள் இல்லை, அதுவும் காணோம். ஆன் பகுதியை மறந்தால் எஸ்கியூலைட் எல்லாரையும் எல்லாப் பொருளோடும் சேர்த்து 3 × 4 = 12 வரிகளைக் கொட்டும்.

படி 3: லெஃப்ட் ஜாயின்

செல்வியும் பட்டியலில் வேண்டுமா? ஜாயின் என்பதை லெஃப்ட் ஜாயின் ஆக்குங்கள், இடப்பக்க டேபிளான ஆட்களின் வரிகள் எல்லாம் தங்கும். இப்போது 4 வரிகள். செல்விக்கு நேரே பொருளும் தொகையும் நல். ரைட் ஜாயின் இதைத் திருப்பிப் போட்டது, அதில் சோப்பு தப்பிக்கும். ஃபுல் ஜாயினில் செல்வி, சோப்பு இரண்டுமே வரும், 5 வரிகள். (மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் ஃபுல் ஜாயின் கிடையாது. எஸ்கியூலைட்டில் ரைட்டும் ஃபுல்லும் 3.39 பதிப்பில்தான் வந்தன.)

இங்கே ஒரு குழி இருக்கிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட பற்று மட்டும் போதும் என்று கடைசியில் 'வேர் ப.தொகை > 100' சேர்த்தால் செல்வி மறுபடி மறைந்துவிடுவார். நல் 100-ஐவிடப் பெரிதா என்றால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. வேர் அப்படிப்பட்ட வரியைத் தள்ளிவிடும். அந்த நிபந்தனையை ஆன் பகுதியில் 'அண்ட் ப.தொகை > 100' என்று போடுங்கள், செல்வி தங்குவார்.

படி 4: மூன்றாவது டேபிள்

பலர் கணக்கு கெடுவது இங்கேதான், நானும் கெடுத்திருக்கிறேன். வரவு (ஆள்_எண், தொகை) என்று ஒரு டேபிள். முருகேசன் 300, 200 என இரண்டு தவணை கட்டியிருக்கிறார். மூன்றையும் நேராக ஜாயின் செய்து தொகைகளைக் கூட்டினால் அவர் பற்று 830-க்குப் பதில் 1660, வரவு 500-க்குப் பதில் 1000 என்று வரும். பற்றில் 2 வரி, வரவில் 2 வரி. ஒவ்வொன்றும் மற்றொன்றோடு சேர்ந்து 4 வரியாகிவிட்டது. எரர் எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒரு முறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுச் சமாளிக்கத் தோன்றும். வேண்டாம். அடுத்த வாரமும் 180 ரூபாய்க்கே எண்ணெய் வாங்கினால் ஒன்றை அது விழுங்கிவிடும். ஒவ்வொரு டேபிளையும் முதலில் ஆள்வாரியாகக் கூட்டிவிட்டு, பிறகு கோப்பதுதான் சரி:

செலக்ட் ஆ.பெயர், கோஅலெஸ்(ப.மொத்தம், 0), கோஅலெஸ்(வ.மொத்தம், 0)
ஃப்ரம் ஆட்கள் ஆ
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் ஆள்_எண், சம்(தொகை) ஆஸ் மொத்தம் ஃப்ரம் பற்று குரூப் பை ஆள்_எண்) ப ஆன் ப.ஆள்_எண் = ஆ.எண்
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் ஆள்_எண், சம்(தொகை) ஆஸ் மொத்தம் ஃப்ரம் வரவு குரூப் பை ஆள்_எண்) வ ஆன் வ.ஆள்_எண் = ஆ.எண்;

கோஅலெஸ், நல் வந்த இடத்தில் 0 வைக்கும். ஆளுக்கு ஒரே வரி: முருகேசன் 830, 500. செல்வி 0, 0. பாத்திமா 160, 0. பற்றின் கூட்டுத்தொகை 990 வருகிறது, நோட்டில் இருப்பதோ 1030. அந்த 40 ரூபாய் சோப்பு யாருடையது என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.